குமிழிக்கு யார் பொறுப்பு?

பொழுதுபோக்கு என்ன என்று யாராவது கேட்டால், "தூண்டில் ராடுக்கு நூல் சுற்றுகிறேன்" என்பேன். கேட்டவர் மனதில் இரண்டு கேள்விகள் எழும். வாய்விட்டுக் கேட்பது, "அதில் எவ்வளவு வரும்?" கேட்காமல் விழுங்குவது, "வீட்டில் யாரும் ஒன்றும் சொல்வதில்லையா?" முதல் கேள்விக்குப் பதில் சுருக்கம்: வராது, போகும். இரண்டாவதற்குத்தான் கொஞ்சம் நீளம். சொல்கிறார்கள். எல்லாரும் சொல்கிறார்கள். எப்பாக்ஸியில் குமிழி வந்த நாட்களில் அக்கம்பக்கத்தவரும் சேர்ந்துகொண்டு சொல்கிறார்கள்.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் முன்கதை. தூண்டில் ராடில் நரம்பு ஓடுவதற்கு வரிசையாக வளையங்கள் இருக்கும். கைடு என்போம். அவை ஆணியாலோ திருகாலோ நிற்பதில்லை. ஒவ்வொரு கைடுக்கும் பாதம் உண்டு. அந்தப் பாதத்தை ராடோடு சேர்த்து நைலான் நூலால் இழைக்கு இழை நெருக்கமாகச் சுற்றி, முடிச்சே போடாமல் நூலின் வாலைச் சுற்றுக்கு அடியிலேயே இழுத்துப் புதைத்து, மேலே எப்பாக்ஸி என்ற பிசினைப் பூசிவிடுவார்கள். கடையில் தொங்கும் ஆயிரம் ரூபாய் ராடும் அப்படித்தான் நிற்கிறது, அமெரிக்காவில் சொல்லிச் செய்யும் ஆயிரம் டாலர் ராடும் அப்படித்தான் நிற்கிறது.

இதுவரைக்கும் வேலை. இதற்குமேல் அலங்காரம். கைப்பிடிக்கு மேலே ஒரு சாண் நீளத்துக்குப் பல நிற நூல்களைக் குறுக்கும் மறுக்குமாக ஏற்றி, அம்பு முனையாகவும் சாய்சதுரமாகவும் கோலம் எழுப்புவார்கள். இதற்கென்றே டேல் கிளெமன்ஸ் என்ற அமெரிக்கர் தனிப் புத்தகம் எழுதியிருக்கிறார். ராடிலேயே அதிக நூலும் அதிக நேரமும் அதிகக் காசும் விழுங்கும் இடம் அதுதான். அங்கே கைடு கிடையாது, நரம்பு தொடாது, மீன் இழுத்தால் அதற்கு ஒன்றும் தெரியப்போவதில்லை. எந்தச் சங்கத்திலும் கௌரவத் தலைவர் என்று ஒருவர் இருப்பார். ராடில் அது இதுதான்.

கௌரவத் தலைவருக்கு மரியாதை குறைந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். பொன்னிற நூலும் அரக்கு நூலும் பின்னிய கோலத்தின்மேல் எப்பாக்ஸி பூசி, இரவெல்லாம் சுற்றவிட்டு, காலை வெயிலில் பிடித்துப் பார்த்தால், சரியாக நடு சாய்சதுரத்தின் மூக்கில், கடுகில் பாதி அளவுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி இருக்கும். நகத்தால் சுரண்டினால் வராது. உள்ளே இருக்கிறது. எப்பாக்ஸி இறுகிவிட்டதால் இனி எங்கும் போகாது. ராடை வாங்கிப் பார்க்கிறவர் அந்த ஒரு சாண் கோலத்தில் வேறெதையும் பார்க்க மாட்டார். கட்டைவிரலை நேராக அந்தப் புள்ளியில்தான் வைப்பார். "இது என்ன?" என்பார்.

இது என்ன என்பது பிரச்சினை இல்லை. யாரால் என்பதுதான் எங்கள் வீட்டில் விசாரணை.

மாமியார் கிண்டுகிற கையைச் சொல்கிறார். "அதிரசப் பாகு பதமா வரணும்னா மெதுவாக் கிண்டணும் மாப்ளே. நீங்க முட்டை அடிக்கிற மாதிரி அடிக்கிறீங்க." மனைவி மூச்சைச் சொல்கிறாள். "மூஞ்சிய அவ்வளவு பக்கத்துல வெச்சுக்கிட்டு மூச்சு விட்டுக்கிட்டே இருந்தா காத்து போகாதா?" பையன் யூடியூபைச் சொல்கிறான். "அவங்களுக்கெல்லாம் வரலியேப்பா." அவர்களுக்கும் வருகிறது, அந்த இடத்தில் வெட்டிவிடுகிறார்கள் என்று சொன்னால் அவன் நம்புவதில்லை. மச்சான் கணினித் துறையில் இருப்பவன். எந்தக் கேள்விக்கும் அவனிடம் ஒரு இயந்திரம் உண்டு. "வேக்குவம் சேம்பர் போட்டுடலாம் மாமா. பழைய ஃப்ரிட்ஜ் கம்ப்ரஸர் ஒண்ணு இருந்தா போதும்" என்றான். ஃப்ரிட்ஜ் யாருடையது என்று நான் கேட்டதும் பேச்சை மாற்றிவிட்டான். எதிர் வீட்டுக்காரர் ஓய்வுபெற்றவர், விஞ்ஞானத்துக்குள் வரவே மாட்டார். "கண் பட்டிருக்கும் சார். பூசும்போது கதவச் சாத்திக்குங்க." ராடை ஒருவரும் பொறாமையாகப் பார்த்ததாக நினைவில்லை. இருந்தாலும் கதவைச் சாத்தினேன், தூசிக்காக.

இவர்களில் ஒருவர்கூட முழுக்கத் தவறில்லை என்பதுதான் இந்த வேலையின் கஷ்டம்.

கிண்டுவதையே எடுத்துக்கொள்ளுங்கள். எப்பாக்ஸி இரண்டு பாட்டிலாக வரும். ரெசின் ஒன்று, ஹார்ட்னர் ஒன்று. இந்த வேலைக்கு விற்கும் பெரும்பாலானவற்றில் ஒன்றுக்கு ஒன்று சரிபாதி. அலங்காரச் சுற்றுக்குத் தலா 3 மில்லி போதும். அந்த 3 மில்லி 3 ஆகவே இருக்க வேண்டும். ஒன்று கூடினால் மறுவாரமும் விரலில் பிசுக்கென்று ஒட்டும். ஆகவே சிரிஞ்சால் அளக்க வேண்டும். ஆகவே மருந்துக்கடைக்குப் போக வேண்டும்.

"பத்து சிரிஞ்சு குடுங்க. ஊசி வேண்டாம்."

கடைக்காரர் என்னைப் பார்த்தார். என் கைகளைப் பார்த்தார். "பேஷன்ட் யாரு சார்?"

"பேஷன்ட் இல்ல. ராடுக்கு."

அவர் பக்கத்தில் நின்ற அம்மாள் தன் குழந்தையை மறுபக்கம் மாற்றி நிறுத்திக்கொண்டார். இத்தோடு விட்டிருக்கலாம், ஆனால் விஷயம் தெரிந்தவனுக்கு அடுத்த கேள்வி கட்டாயம். "உள்ளே கறுப்பு ரப்பர் இல்லாத சிரிஞ்சு இருக்கா?" ரப்பர் தலையுள்ள சிரிஞ்சு வழுக்கிக்கொண்டு போவதற்காக அதில் சிலிக்கோன் எண்ணெய் தடவியிருக்கும். அந்த எண்ணெயில் ஒரு துளியின் துளி எப்பாக்ஸியில் கலந்தாலும், பூசிய இடத்தில் எப்பாக்ஸி ஒட்டாமல் வட்டவட்டமாக விலகிக்கொள்ளும். மீன்கண் என்று அதற்குப் பெயர். பார்ப்பவர் அதையும் குமிழி என்பார், ஆனால் அது வேறு வழக்கு. ரப்பர் இல்லாமல் இரண்டே பாகமாக வரும் பிளாஸ்டிக் சிரிஞ்சுகள் உண்டு. இதையெல்லாம் கடையில் விளக்கினேன். கடைக்காரர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "டாக்டர் சீட்டு இருந்தா நல்லது சார்" என்றார்.

கலக்கும்போது மாமியார் சொன்னது சரிதான். கிண்டும் குச்சியைத் தூக்கித் தூக்கி அடித்தால் காற்று உள்ளே போகும். ஆனால் மெதுவாக என்பதற்காக ஒரு நிமிடத்தில் விட்டுவிட்டால் ரெசினும் ஹார்ட்னரும் கலக்காமல் அங்கங்கே இறுகாத திட்டு நிற்கும். குச்சியின் நுனியை அடியிலேயே வைத்து, ஓரத்தை வழித்து, மூன்று நான்கு நிமிடம் சுற்ற வேண்டும். குச்சியும் ஐஸ்கிரீம் குச்சியாக இருக்கக் கூடாது. மரத்தின் நுண்துளைகளில் இருக்கும் காற்று கிண்டக் கிண்ட வெளியே வந்துகொண்டே இருக்கும். வழவழப்பான எஃகுக் கம்பி நல்லது. மனைவியின் ஸ்வெட்டர் பின்னும் ஊசி இதற்காகவே செய்தது போல அமைந்திருக்கிறது. அவள் அப்படி நினைக்கவில்லை.

கிண்டி முடித்ததும் கப்பிலேயே வைத்துக்கொண்டிருந்தால் இரண்டு ஆபத்து. ஒன்று, எப்பாக்ஸி இறுகும்போது தானே சூடாகும். குவியலாக இருந்தால் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் இன்னும் வேகமாக இறுகும். இன்னொன்று, குமிழிகள் ஆழத்திலிருந்து ஏறி வர வேண்டும். ஏறுவதில் ஒரு கணக்கு இருக்கிறது. விட்டம் பத்தில் ஒரு பங்காகக் குறைந்தால் குமிழி ஏறும் வேகம் நூறில் ஒரு பங்காகிவிடும். பெரிய குமிழி நொடிகளில் மேலே வந்து உடைந்துபோகும். கண்ணுக்கே தெரியாத குட்டி அங்கேயே கிடக்கும், எப்பாக்ஸி இறுகுகிற வரைக்கும். வில்லனை விட வில்லனின் தம்பி ஆபத்தானவன். அதனால் கலந்ததை உடனே அலுமினிய ஃபாயிலில் ஊற்றி மெல்லிய படலமாகப் பரப்பிவிட வேண்டும். ஏற வேண்டிய தூரம் குறைந்துவிடும், சூடும் ஃபாயில் வழியே போய்விடும். சமையலறையில் ஃபாயில் சுருள் வேகமாகத் தீர்கிறது என்ற புகார் தனியாக நிலுவையில் இருக்கிறது.

இந்த எப்பாக்ஸி தூண்டிலுக்காகப் பிறந்ததில்லை. அது வருவதற்கு முன், 19ஆம் நூற்றாண்டில் பென்சில்வேனியாவின் ஈஸ்டன் நகரில் துப்பாக்கியும் வயலினும் செய்துகொண்டிருந்த சாமுவேல் ஃபிலிப், பிறகு மெய்ன் மாநிலத்து ஹிராம் லெனார்டு போன்றவர்கள் மூங்கிலைப் பட்டை பட்டையாகக் கீறி ஒட்டி ராடு செய்தார்கள். மூங்கில் போனது நம் நாட்டிலிருந்து. கல்கத்தா மூங்கில் என்றே அதற்குப் பெயர். பிறகு சீனாவின் டோங்கின் மூங்கில் வந்து அதைத் துரத்தியது. பட்டு நூல் சுற்றி வார்னிஷ் பூசினார்கள். டப்பாவைக் குலுக்காதே, பிரஷை விளிம்பில் வழிக்காதே என்று அவர்களும் குமிழிக்குப் பயந்தே வாழ்ந்தார்கள். எப்பாக்ஸியின் பூர்வீகம் வேறு. சுவிட்சர்லாந்தில் பியர் காஸ்தான் என்ற வேதியியலாளர் 1930களில் பல்செட் செய்ய ஒரு பிசினைத் தேடிப் போய் இதைக் கண்டார். பல் விஷயத்தில் அது எடுபடவில்லை. உரிமையை வாங்கிய சீபா நிறுவனம் 1946இல் அதை அரால்டைட் என்ற பசையாக வெளியிட்டது. நம் வீடுகளில் உடைந்த கப்பின் காதிலிருந்து உடைந்த பொம்மையின் கழுத்து வரை ஒட்டியது அதுதான்.

இந்த வரலாற்றைச் சாப்பாட்டு வேளையில் சொன்னேன். மாமியார் ஒன்றும் பேசவில்லை. இரவு பல்செட்டைக் கழற்றி டம்ளரில் போடுவதற்கு முன் டியூப்லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்து முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். பிறகு அதை மறுபடி மாட்டிக்கொண்டு சொன்னார்: "இதுல ஒரு குமிழிகூட இல்லையே மாப்ளே." அது எப்பாக்ஸி இல்லை அத்தை, அக்ரிலிக் என்றேன். "என்னவோ. செஞ்சவன் நல்லாச் செஞ்சிருக்கான்."

விசாரணையில் உண்மையான திருப்பம் கோவளம் கடற்கரையில் வந்தது. அங்கே ஃபைபர் படகுக்கு ஓட்டை அடைக்கிறவர் ஒருவர் இருக்கிறார். முட்டுக்காட்டுக்குக் கொடுவா தேடிப் போகிற நாட்களில், கொடுவா கிடைக்காத நேரத்தில், அதாவது பெரும்பாலும், அவர் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். ஃபைபர் என்பது கண்ணாடி இழைகளால் ஆன வெள்ளைப் பாய். மேட்டு என்பார்கள். அதைப் படகின்மேல் விரித்து ரெசின் ஊற்ற வேண்டும். ரெசினை அவர் கிண்டிய அழகை என் மாமியார் பார்த்திருந்தால் மயங்கி விழுந்திருப்பார். ஒரு பழைய பெயின்ட் வாளி, ஒரு சவுக்குக் குச்சி, ஐந்தாறு சுழற்று. வாளி முழுக்க நுரை. அதை அப்படியே பாய்மேல் ஊற்றினார்.

"அண்ணே, இவ்வளவு குமிழி இருக்கே?"

"அது கெடக்குது சார். அது தானா போய்டும். காத்து ரெசின்ல இல்ல, மேட்டுக்குள்ள இருக்குது."

பிறகு செய்ததுதான் பார்க்க வேண்டியது. பிரஷால் இழுக்காமல் குத்திக் குத்திப் பாய்க்கு ரெசினைக் குடிக்கக் கொடுத்தார். குடித்த இடத்தில் வெள்ளைப் பாய் அப்படியே மறைந்து அடியில் இருக்கும் நீலம் தெரிந்தது. சில இடங்களில் மட்டும் வெள்ளைத் திட்டு மிஞ்சியது. "வெள்ளையாத் தெரியுது பாருங்க, அதான் காத்து." வரிவரியாகப் பள்ளம் வெட்டிய ஒரு இரும்பு ரோலரை எடுத்து அந்தத் திட்டை ஓரத்துக்கு ஓட்டிக்கொண்டு போனார். ஓரம் வந்ததும் சின்னதாகப் புஸ் என்றது. "முதல்ல அதுக்குத் தாகம் தீரணும் சார். தாகம் தீராம மேல மேல ஊத்தினா, காத்து எங்க போவும்? மேலதான் வரும்."

நூலும் அதே ஜாதி. ராடுக்குச் சுற்றும் நைலான் நூல் ஒற்றைக் கம்பி இல்லை, பல மெல்லிய இழைகளின் முறுக்கு. இழைக்கும் இழைக்கும் நடுவே காற்று. சுற்றுக்கும் சுற்றுக்கும் நடுவே காற்று. அலங்காரச் சுற்றில் நூல் ஒன்றின்மேல் ஒன்றாகக் குறுக்கே ஏறுவதால் ஒவ்வொரு சந்திப்பின் அடியிலும் ஒரு குட்டி அறை. கோலம் எவ்வளவு அழகோ அவ்வளவு காற்று. அதன்மேல் கெட்டியாக ஒரே பூச்சில் எப்பாக்ஸியைப் போட்டு மூடினால், உள்ளே இருப்பது சும்மா இருக்காது. எப்பாக்ஸி இறுகும் சூட்டிலும் அறையின் சூட்டிலும் விரிந்து, மெதுவாகத் தலையை நீட்டும். நீட்டும் நேரத்தில் எப்பாக்ஸி பாதி இறுகியிருக்கும். வெளியே வரவும் முடியாது, உள்ளே போகவும் முடியாது.

யார் பொறுப்பு என்பதைக் கண்டுபிடிக்கவும் வழி இருக்கிறது. பூசும்போதே அங்கங்கே சிதறி நின்றால் கிண்டிய கை, அல்லது பிரஷ். பூசிய கொஞ்ச நேரம் கழித்து, ஒரே இடத்திலிருந்து ஒன்று, அது உடைந்ததும் இன்னொன்று என்று கிளம்பினால் நூல். கைடின் பாதத்துக்கு இரு பக்கமும் நூலுக்கும் ராடுக்கும் இடையே முக்கோணமாக ஒரு சுரங்கம் ஓடும். அது இருக்கிறதே, அது மணிக்கணக்காக விடும்.

ஆகவே முதல் பூச்சு பார்ப்பதற்கு அல்ல, குடிப்பதற்கு. பாட்டில்களை வெந்நீரில் சற்று நிறுத்தி எடுத்தால் எப்பாக்ஸி இளகும். இளகியதைத் தாராளமாகப் பூசி, ராடைக் கையால் உருட்டிக்கொண்டே சில நிமிடம் விட வேண்டும். சுரங்கத்தை ஒரு வாயிலிருந்து மட்டும் நிரப்ப வேண்டும், மறு வாயைத் திறந்துவைக்க வேண்டும், காற்றுக்கு வாசல் வேண்டுமே. பிறகு மேலே நிற்பதைப் பிரஷால் எடுத்துவிட வேண்டும். நூலின் வரிகள் மேடு பள்ளமாகத் தெரிகிற அளவுக்கு ஒல்லியாக. பார்த்தால் வேலை பாதியில் நிற்பது போல இருக்கும். இருக்கட்டும். அது இறுகிய பிறகு இரண்டாவது பூச்சு, பளபளப்பெல்லாம் அதில்தான். அடியில் காற்று இல்லாததால் மேலே வர ஒன்றும் இல்லை.

நிறம் மாறக் கூடாது என்கிறவர்களுக்கு இன்னொரு சங்கதி. எப்பாக்ஸி குடித்த நைலான் நூல் நிறம் இருண்டு கண்ணாடித்தன்மை வந்துவிடும், கோவளத்துப் பாய்க்கு நடந்ததுதான். அதைத் தடுக்க முன்னாடியே கலர் பிரிசர்வர் என்ற வெள்ளை நீர்மத்தைத் தடவுவார்கள். நீரில் கலந்த அக்ரிலிக் அது. அதுவும் நூலுக்குள் போய் இடத்தை அடைத்துக்கொள்வதால் காற்றுக்கு இடம் குறையும். ஆனால் அது முழுக்கக் காய வேண்டும். மேலே காய்ந்து உள்ளே ஈரமாக இருக்கும்போது எப்பாக்ஸியைப் போட்டால் அந்த ஈரம் பால் கலந்தது போல மங்கலாகவும் குமிழியாகவும் பழிவாங்கும். ஐப்பசி மழையில் சென்னையில் எதுவும் காய்வதில்லை. வீட்டில் ஈரத்துணிகள் தொங்கும் அதே கயிற்றில் ராடும் சேர்ந்து தொங்கியதால் எழுந்த சச்சரவை இங்கே விவரிக்கவில்லை. மழைக்காலத்தில் காற்றின் ஈரமும் கார்பன்-டை-ஆக்சைடும் ஹார்ட்னரோடு சேர்ந்து மேற்பரப்பில் மெழுகு போல ஒரு படலத்தையும் விடும். மிதமான வெந்நீரால் துடைத்தால் போகும். சித்திரை வெயிலுக்கு வேறு குணம். வெப்பம் 10 டிகிரி ஏறினால் எப்பாக்ஸி இறுகும் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகிறது. குமிழி சுலபமாக ஓடும், ஆனால் ஓடி முடிப்பதற்குள் வாசல் சாத்திவிடும். சென்னையில் எப்பாக்ஸிக்கு ஏற்ற காலம் தை மாதத்தில் சில வாரங்கள் என்பது என் கட்சி. அப்போது கல்யாணப் பத்திரிகைகள் வந்துவிடுகின்றன.

மிஞ்சும் குமிழிக்குத் தீ. ராடு மெதுவாகச் சுற்றிக்கொண்டிருக்கும்போது அடியில் ஒரு ஸ்பிரிட் விளக்கை ஒரு கணம் காட்டி எடுத்தால், நின்றிருந்த குமிழிகள் பட்பட்டென்று காணாமல் போகும். பார்க்க மிகவும் ஆனந்தமான காட்சி. தீயிலிருந்து வரும் கார்பன்-டை-ஆக்சைடுதான் குமிழியை உடைக்கிறது என்று பல காலமாக இந்த வட்டாரத்தில் ஒரு நம்பிக்கை உண்டு. அதே காரணத்துக்காக உறிஞ்சுகுழல் வைத்து வாயால் ஊதுகிறவர்களும் உண்டு. சூடு எப்பாக்ஸியை இளக்குகிறது, இளகியதில் குமிழியின் தோல் தாங்காமல் உடைகிறது. அவ்வளவுதான். மெழுகுவர்த்தி ஆகாது, கரி ஒட்டும். ஸ்பிரிட் சுத்தமாக எரியும். ஹேர் டிரையர் சூடு கொடுக்கும், கூடவே அறையிலுள்ள தூசி முழுவதையும் கொண்டுவந்து ஒட்டவும் ஒட்டும். தீயையும் நிறுத்தி வைத்துக் காட்டக் கூடாது. அதிகச் சூட்டில் சுரங்கத்துக் காற்று விரிந்து புதிய குமிழிகளை அனுப்பும். ஸ்பிரிட் விளக்கைப் பாரிமுனைப் பக்கம் ஆய்வகச் சாமான் விற்கும் கடையில் வாங்கினேன். எந்த ஸ்கூல் என்று கேட்டு ரசீது போட்டார்கள். ஏழாம் வகுப்பு வேதியியலுக்குப் பிறகு அந்த விளக்கைப் பார்த்த மனைவி, அதைப் பூஜை அறைப் பக்கம் கொண்டுவரக் கூடாது என்ற ஒரே நிபந்தனையோடு அனுமதி தந்தாள்.

இறுகிய பிறகு கண்டுபிடித்த குமிழிக்கும் மருந்து இருக்கிறது. பிளேடின் முனையால் குமிழியின் கூரையைத் திறந்து, நூலைத் தொடாமல் மெல்லிய உப்புக்காகிதத்தால் தேய்த்து, குழியை நிரப்பி, மேலே இன்னொரு மெல்லிய பூச்சு. நூலைத் தொட்டுவிட்டால் மொத்தக் கோலத்தையும் அறுத்தெறிந்துவிட்டு முதலிலிருந்து. அந்த நேரத்தில் அறைக்குள் யாரும் வருவதில்லை.

ராடு சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும் என்றேன். நின்றால் எப்பாக்ஸி கீழ்ப்பக்கம் வடிந்து தொந்தி போட்டுவிடும். குறைந்தது நான்கு மணி நேரம், இரவு முழுக்க என்றால் நிம்மதி. இதற்கு விற்கும் இயந்திரங்களுக்குள் இருப்பது பெரும்பாலும் நிமிடத்துக்குச் சில சுற்று மட்டும் சுற்றும் ஒரு சின்ன மோட்டார். அதே மாதிரி மோட்டார் மைக்ரோவேவ் அடுப்பில் தட்டுக்கு அடியில் இருக்கிறது. நிமிடத்துக்கு ஐந்தாறு சுற்று, சத்தமில்லை. போடும்போது எந்தப் பக்கம் சுற்றத் தொடங்கும் என்று மட்டும் அதற்கே தெரியாது. ஒருநாள் இடம், ஒருநாள் வலம். எப்பாக்ஸிக்கு அது ஒரு பொருட்டில்லை.

ஆனால் கரண்ட் ஒரு பொருட்டு. இரண்டாவது பூச்சு போட்டு விளக்கும் காட்டி முடித்த ஒரு ராத்திரி, தெருவே இருண்டுவிட்டது. இன்வெர்ட்டர் கூடத்து விசிறிக்கு மட்டும்தான். ராடு பாதிச் சுற்றில் நின்றது. மோட்டார் இல்லாதவர்கள் கையால் கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை அரைச் சுற்று திருப்பிவிடுவது உலகம் முழுக்க உள்ள வழக்கம். டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு நானும் திருப்பினேன். புழுக்கத்தில் தூக்கம் வராமல் விசிறியோடு வந்த மாமியார் சிறிது நேரம் பார்த்தார். "நீங்க போய்ப் படுங்க மாப்ளே, காலைல ஆபீஸ் இருக்கு. நான் எப்படியும் சகஸ்ரநாமம் சொல்லப் போறேன்."

நாற்காலியில் உட்கார்ந்து, ராடின் அடியை விரலால் பிடித்துக்கொண்டு ஆரம்பித்தார். ஒவ்வொரு சுலோகத்துக்கும் அரைச் சுற்று. ஆயிரம் நாமமும் முடிய அரைமணிக்கு மேல் ஆகவில்லை. முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து. கரண்ட் வரும்வரை அவர் நிறுத்தவில்லை. காலையில் வெயிலில் பிடித்துப் பார்த்தபோது அந்த ஒரு சாண் கோலத்தில் ஒரு புள்ளிகூட இல்லை. நூல் முதல் பூச்சில் குடித்து முடித்திருந்தது என்பதுதான் காரணம் என்று சாப்பிடும்போது விளக்கினேன். வீட்டில் யாரும் அதை ஏற்கவில்லை. எதிர் வீட்டுக்காரர் விஷயம் கேள்விப்பட்டு, "அப்பவே சொன்னேனே சார், கண்ணு" என்றார்.

இப்போது மச்சானும் ஒரு ராடு கேட்கிறான், நீலமும் வெள்ளியும் வேண்டுமாம். ஒரே நேரத்தில் இரண்டு ராடு சுற்ற என்னிடம் இரண்டாவது மோட்டார் இல்லை. எங்கள் வீட்டு மைக்ரோவேவ் துரதிருஷ்டவசமாக நன்றாக வேலை செய்கிறது. உங்கள் வீட்டில் கெட்டுப்போனது இருந்தால், காயலான் கடைக்காரர் வாசலில் நிற்கும் முன் தயவுசெய்து எனக்குச் சொல்லுங்கள். நீங்களே கழற்ற வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் கண்டென்சரில் ஆளைத் தூக்கியெறியும் கரண்ட் நிற்கும். மோட்டாரின் முதுகில் 220 அல்லது 240 வோல்ட் என்று போட்டிருந்தால் எனக்கு உதவும். 21 வோல்ட் மோட்டார்களும் உண்டு, அவற்றை வீட்டுக் கரண்டில் நேராகச் சொருக முடியாது. தட்டு எனக்கு வேண்டாம், நீங்களே வைத்துக்கொள்ளலாம்.